நிலக்கரி: பாய்லர்காரன் எழுதும் மதிப்புரை

நிலக்கரி நல்ல எரிபொருளா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த நிலக்கரி? பாய்லர் ஷிப்டில் பல வருடம் ஓட்டியவன் நான். ஒரே பெயரில், ஒரே மாதிரிக் கறுப்பாக வந்து இறங்கிய சரக்கு ஒரு வாரம் ஒழுங்காக எரிந்ததையும், அடுத்த வாரம் எங்களைக் கடப்பாரையோடு அடுப்பு வாசலில் நிற்க வைத்ததையும் பார்த்திருக்கிறேன். விற்பது டன் கணக்கில். நமக்கு வேண்டியது கலோரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாங்குபவரின் பணம் காணாமல் போகிறது.

முதலில் வகைகள். சதுப்பு நிலத்துக் காடுகள் புதைந்து, மேலே வண்டல் ஏறி, அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து பல கோடி வருடங்களில் இறுகியதுதான் இது. உலகின் பெரிய படிவங்களில் பல, 36 கோடியிலிருந்து 30 கோடி வருடங்களுக்கு முந்தைய கார்பனிஃபெரஸ் காலத்தவை. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சூட்டில் இறுகியதோ அதைப் பொறுத்துத் தரம் மாறுகிறது. பழுப்பு நிலக்கரியைக் கையில் எடுத்தால் சில துண்டுகளில் மர நார்கூடத் தெரியும். எடையில் பாதி தண்ணீராகவே இருக்கும் வகைகள் உண்டு. வெயிலில் காய்ந்தால் விரிசல் விட்டுப் பொடியாகும். அதற்கு மேலே பிட்டுமினஸ்: பளபளப்பும் மங்கலும் மாறி மாறிப் பட்டையாக ஓடும், தொட்டால் கை கறுக்கும். பாய்லர்களில் அதிகம் எரிவது இதுவும் இதற்கு ஒரு படி கீழே உள்ள சப்-பிட்டுமினஸும்தான். உச்சியில் ஆந்த்ரசைட். கல் மாதிரி கெட்டி, கையில் ஒட்டாது, புகை கிட்டத்தட்ட இல்லை, குட்டையான நீலச் சுவாலை. அழகான சரக்கு. ஆனால் பற்ற வைப்பதற்குள் பொறுமை போய்விடும், ஏனென்றால் சூடு பட்டதும் வாயுவாகக் கிளம்பி முதலில் தீப்பிடிக்க வேண்டிய ஆவிப்பொருள் அதில் மிகக் குறைவு.

கிலோவுக்குக் கிடைக்கும் சூட்டைச் சொன்னால் வித்தியாசம் புரியும். ஈரமான பழுப்பு நிலக்கரி 2,500 கிலோகலோரியை ஒட்டி நிற்கும். நல்ல பிட்டுமினஸ் 7,000-ஐத் தாண்டும். டீசல் பத்தாயிரத்துக்கு மேல். ஆகவே ஒரு டன் நிலக்கரி என்று சொல்வதில் பாதித் தகவல்கூட இல்லை.

மீதித் தகவல் லேப் ரிப்போர்ட்டில் இருக்கிறது. இந்தப் பொருளை வாங்குபவர் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதில் நான்கு எண்கள் முக்கியம்: ஈரம், ஆவிப்பொருள், சாம்பல், ஆவிப்பொருள் போன பிறகு நின்று எரியும் நிலைக்கரி. நான்கையும் கூட்டினால் 100. ஈரத்தை 105 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலர்த்திக் கண்டுபிடிப்பார்கள். ஆவிப்பொருளுக்கு, மூடி போட்ட கிண்ணத்தில் 900 டிகிரியில் ஏழு நிமிடம். சாம்பலுக்குத் திறந்த கிண்ணத்தில் முழுக்க எரித்து மிச்சத்தை எடை போடுவார்கள். நிலைக்கரியை யாரும் தனியாக அளப்பதில்லை. நூறிலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் வருவதுதான் அது. கலோரி மதிப்பு வேறு சோதனை: ஆக்சிஜன் நிரப்பிய பாம் கலோரிமீட்டருக்குள் ஒரு கிராம் அளவு எரித்து, சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்ப்பார்கள்.

இதில்தான் சாமர்த்தியம் நடக்கிறது. ரிப்போர்ட்டில் 5,500 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்னதாக ஏடிபி என்று போட்டிருக்கும். லேபில் காற்றில் உலரவிட்ட பொடிக்கு வந்த மதிப்பு என்று அர்த்தம். நம் யார்டுக்கு வந்து இறங்கும் சரக்கின் மதிப்புக்கு ஏஆர்பி என்று பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் உலர்ந்த பொடியில் ஈரம் 6 சதவீதம், லாரியில் வந்த சரக்கில் மொத்த ஈரம் 16 சதவீதம் என்றால், 5,500-ஐ 84-ஆல் பெருக்கி 94-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது சுமார் 4,915. கிலோவுக்கு 585 கிலோகலோரி காகிதத்திலேயே ஆவியாகிவிட்டது. அதோடு முடியவில்லை. அந்தத் தண்ணீரை அடுப்புக்குள் நீராவியாக்கவே ஒரு கிலோ தண்ணீருக்கு 540 கிலோகலோரி வேண்டும். அந்தச் சூடு சிம்னி வழியாக ஊருக்குப் போகிறது. ஜிசிவி என்ற மொத்த மதிப்பில் இந்த நஷ்டம் தெரியாது. நிகர மதிப்பைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும்.

அப்புறம் சாம்பிள். லேபின் தப்பைவிட சாம்பிள் எடுப்பதன் தப்பு பெரிது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். குவியலில் பெருங்கட்டிகள் சரிந்து அடியோரம் போய்விடும், பொடி நடுவில் தங்கும். கல்லும் களிமண்ணும் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் யாரும் கை வைப்பதில்லை. எங்களுக்குச் சரக்கு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் லாரியின் மேல் தட்டிலிருந்து தன் கையாலேயே அள்ளிப் பையில் போட்டுத் தருவார், ரொம்ப மரியாதையாக. அந்தப் பையில் இருந்த நிலக்கரி உண்மையிலேயே முதல் தரம். இறக்கும்போது பல இடங்களில் எடுத்து, உடைத்து, கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பவும் அதையே செய்து கடைசியில் வரும் சாம்பிளைத்தான் லேபுக்கு அனுப்ப வேண்டும். ஈரத்துக்கான சாம்பிளை உடனே இறுக்கி மூட வேண்டும். வெயிலில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் விற்பவருக்கு லாபம்.

சரி, எரியும்போது எப்படி இருக்கிறது?

நல்ல பிட்டுமினஸ் எரிவதைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கும். சூடு பட்டதும் ஆவிப்பொருள் கிளம்பி நீண்ட மஞ்சள் சுவாலையாக எரியும். அது அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் கரி, சத்தமில்லாமல் செந்தழலாக நின்று எரியும். இரண்டுக்கும் காற்று வேண்டும், ஆனால் வேறு வேறு இடத்தில்: சுவாலைக்கு மேலிருந்து, கரிக்கு அடியிலிருந்து. மேல்காற்று குறைந்தால் சிம்னியில் கறும்புகை. அது எரியாத எரிபொருள், காசு கொடுத்து வாங்கியது. புகையே வேண்டாம் என்று காற்றைத் தாராளமாகத் திறந்துவிட்டால் வேலைக்கு ஆகாத காற்றையெல்லாம் சூடாக்கி வெளியே அனுப்புகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் பிடிப்பதுதான் ஷிப்ட்காரனின் கைத்திறன். ஆக்சிஜன் மீட்டர் வந்த பிறகு வேலை சுலபம்; அதற்காகச் சுவாலையின் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

இந்தப் பொருளின் மேல் என் பெரிய கோபம் கிளிங்கர்தான். சாம்பல் சாம்பலாகவே விழுந்தால் பிரச்சினை இல்லை. உருகினால் கண்ணாடிக் குழம்பு மாதிரி அடுப்புக் கம்பிகளில் ஒட்டிப் பாறையாக இறுகும்; அதுதான் கிளிங்கர். சாம்பலில் இரும்பும் சோடியமும் அதிகமாக இருந்தால் உருகும் வெப்பநிலை இறங்கிவிடும். காற்றுப் பற்றாக்குறை உள்ள மூலையில் இரும்புள்ள சாம்பல் இன்னும் சீக்கிரம் உருகும். கலோரி நன்றாக இருக்கும், சாம்பல் சதவீதமும் குறைவாகவே இருக்கும், ஆனாலும் அடுப்பு அடைத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டில் சாம்பல் உருகும் வெப்பநிலை என்று ஒரு வரி கேட்டு வாங்கினால் அந்தக் கடப்பாரை வேலை பாதி மிச்சம். எங்களிடம் கேட்காமல் ஆபீசில் வாங்கிப் போட்ட சரக்கில் அந்த வரியே இருக்காது.

பெரிய மின்நிலையங்களில் இந்த விளையாட்டு வேறு. அங்கே நிலக்கரியை மில்லில் அரைத்து முகப்பவுடர் போல ஆக்குகிறார்கள். 70 சதவீதத்துக்கு மேல் 75 மைக்ரான் சல்லடையைத் தாண்ட வேண்டும். அந்தத் தூளைச் சூடான காற்றோடு ஊதினால் அது வாயு மாதிரி எரிகிறது. இதற்குக் கலோரி மட்டும் போதாது. எவ்வளவு சுலபமாக அரைபடும் என்பதும் முக்கியம். ஹார்ட்குரோவ் எண் என்று ஒன்று இருக்கிறது. எண் குறைந்தால் சரக்கு கடினம், மில் திணறும். படுகைக் கொதிப்பு பாய்லர் என்பது இன்னொரு வழி: மணலும் சாம்பலும் அடியிலிருந்து வரும் காற்றில் கொதித்துக்கொண்டிருக்க, நடுவில் நிலக்கரி 800 முதல் 900 டிகிரிக்குள் எரியும். அந்தச் சூட்டில் பெரும்பாலான சாம்பல் உருகாது. சுண்ணாம்புக்கல்லைப் படுகையிலேயே போட்டால் கந்தகத்தையும் பிடித்துக்கொள்ளும். மட்டமான நிலக்கரியையும் முகம் சுளிக்காமல் தின்னும் அடுப்பு அது. எனக்குச் சாய்ஸ் கொடுத்தால் அதைத்தான் எடுப்பேன்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி. நிலையத்தின் திறன் 36 சதவீதம் என்றால் உள்ளே போக வேண்டியது சுமார் 2,390. கையில் இருப்பது 4,000 கிலோகலோரி நிலக்கரி என்றால் சுமார் 600 கிராம். அதாவது எரித்த சூட்டில் மூன்றில் இரண்டு பங்கு கூலிங் டவரிலும் சிம்னியிலும் போகிறது. தண்ணீருக்கும் நீராவிக்கும் வித்தியாசமே மறைந்துபோகும் 221 பார் அழுத்தம், 374 டிகிரி சூடு என்ற எல்லையைத் தாண்டி ஓடும் நிலையங்கள் இந்தத் திறனை 40-க்கு மேல் கொண்டுபோகின்றன. மிகச் சிறந்தவை 45-ஐ ஒட்டி வருகின்றன. அதற்கு மேல் ஏற்ற உலோகக் குழாய்கள் தாங்க வேண்டும். 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழு வேகத்தில் ஓடினால், நான் சொன்ன 600 கிராம் கணக்கில் மணிக்கு 300 டன், நாளுக்கு 7,200 டன். அந்தச் சரக்கில் சாம்பல் 35 சதவீதம் என்றால் தினமும் 2,500 டன் சாம்பல் வெளியே வரும். இவ்வளவு குப்பையைத் தினமும் கையில் கொடுக்கும் வேறு எரிபொருள் எனக்குத் தெரியாது. பெரும்பகுதி பறக்கும் சாம்பல். மின்புல வடிகட்டி 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுகிறது, சிமென்ட்டும் செங்கல்லும் செய்பவர்கள் ஓரளவு எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் குளத்தில் குழம்பாக நிற்கும்.

சேமித்து வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. தொட்டி வேண்டாம், அழுத்தம் வேண்டாம், குளிரூட்ட வேண்டாம். திறந்தவெளியில் கொட்டினால் வாரக்கணக்கில் காத்திருக்கும். காற்று நின்றாலும் இருட்டினாலும் கவலை இல்லை. உலகின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை இன்னும் நிலக்கரி தருகிறது என்றால் இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் குவியல் தானாகவே பற்றிக்கொள்ளும். புதியவர்கள் நம்ப மாட்டார்கள். நிலக்கரி காற்றில் உள்ள ஆக்சிஜனை மெதுவாக உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். பழுப்பு நிலக்கரியும் சப்-பிட்டுமினஸும் இதில் மோசம். வைத்தியம் எளிது: அடுக்கடுக்காகப் பரப்பி டோசரால் அமுக்கிக் காற்று புகும் வழியை அடைப்பது, கட்டியையும் பொடியையும் தனித்தனியாகச் சரிய விடாமல் இருப்பது, முதலில் வந்ததை முதலில் எரிப்பது. குவியலுக்குள் 60 டிகிரி காட்டினால் அந்தப் பகுதியைத் தோண்டி எடுத்துப் பரப்பி ஆறவிட வேண்டும். மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது வீண் வேலை. உள்ளே தழல் இருந்தால் ஆபத்தும்கூட: செந்தழலில் பட்ட நீராவி, எரியக்கூடிய ஹைட்ரஜனும் நச்சான கார்பன் மோனாக்சைடுமாக மாறும். யார்டில் பிடித்த தீயை அணைத்துவிடலாம். பூமிக்குள் பிடித்ததை அணைப்பது கஷ்டம். அமெரிக்காவின் சென்ட்ரேலியாவில் 1962-ல் பிடித்தது இன்னும் எரிகிறது, ஊரே கிட்டத்தட்ட காலியாகிவிட்டது.

சரக்கு நம் வாசலுக்கு எப்படி வருகிறது என்பதை இந்தப் பொருளின் மதிப்புரைகளில் யாரும் எழுதுவதில்லை. மேலாக இருந்தால் திறந்தவெளிச் சுரங்கம்: மேல்மண்ணையும் பாறையையும் அகற்றி அள்ளுவது. ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் மண்ணைப் புரட்ட வேண்டியிருக்கும். படிவம் ஆழத்தில் இருந்தால் உள்ளே இறங்க வேண்டும். பழைய முறையில், கூரையைத் தாங்க நிலக்கரியையே தூண்களாக விட்டுவிடுவார்கள். பாதிச் சரக்கு பூமிக்குள்ளேயே தங்கிவிடும். நீள்சுவர் முறையில் வெட்டும் இயந்திரம் சுவரோடு ஓடி ஓடிச் சீவ, ஹைட்ராலிக் தாங்கிகள் கூரையைத் தலையில் பிடித்தபடி ஒவ்வொன்றாக முன்னே நகரும். பின்னால் கூரை இடிந்து விழும், விழட்டும் என்றே விடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள நிலம் பிறகு இறங்கும்.

உள்ளே மீத்தேன் இருக்கிறது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி, சுவாலையைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை போட்ட விளக்கைக் கொண்டுவந்தார். வலை சூட்டை இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாண்டாது. நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் அதை நம்பி, வாயு அதிகம் என்று முன்பு ஒதுக்கிவிட்ட இடங்களுக்குள்ளும் ஆட்களை அனுப்பினார்கள். மீத்தேனைவிடத் தூள் கொடியது. 1906 மார்ச் 10-ல் பிரான்ஸின் குரியேரில் நிலக்கரித் தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். 1942-ல் சீனாவின் பென்ஷிஹூவில் 1,549 பேர். இப்போது சுரங்கப் பாதைகளில் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவுகிறார்கள். வெடி அலை அதையும் கிளப்பும்போது அது தீயின் சூட்டைக் குடித்துவிடும். வெடிக்காத தூளும் விடுவதில்லை. பல வருடம் சுவாசித்தவரின் நுரையீரல் கறுத்து இறுகும், குணமாக்க மருந்து இல்லை. லேப் ரிப்போர்ட்டில் இதற்கு வரி கிடையாது.

சிம்னிக்கு மேலே போவதையும் பார்த்துவிடுவோம். 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் நின்ற நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் சட்டம் வந்தது. புகைக்கும் கந்தகத்துக்கும் வழி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் குழம்பால் புகையைக் கழுவினால் கந்தகம் ஜிப்சமாக வெளியே வரும். செலவுதான், ஆனால் வேலை செய்யும். கார்பன் டை ஆக்ஸைடு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் 3.67 கிலோ வாயு வரும். ஆக்சிஜனின் எடையும் சேர்ந்துகொள்கிறது. மேலே சொன்ன 600 கிராமில் கார்பன் 42 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 900 கிராம். அடுப்பை எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் இது பூஜ்யமாகாது. ஒழுங்காக ஓட்டுவது என்பதே கார்பனை முழுக்க எரிப்பதுதானே! பிடித்து மண்ணுக்குள் புதைக்கும் முறை இருக்கிறது. ஆனால் அதற்கே மின்சாரத்திலும் நீராவியிலும் பெரிய பங்கு போய்விடுவதால் பரவலாகவில்லை.

எரிப்பதைவிட இந்தப் பொருள் நன்றாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. சில பிட்டுமினஸ் வகைகளைக் காற்றில்லாத சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வாட்டினால் இளகி, பொங்கி, துளைகள் நிறைந்த கெட்டியான கோக் கிடைக்கும். 1709-ல் ஏப்ரகாம் டார்பி ஊதுலையில் மரக்கரிக்குப் பதிலாக இதைப் போட்டு இரும்பு எடுத்தார். உலைக்குள் கோக் சூடு தருகிறது, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் வாயுவைத் தருகிறது, மேலே உள்ள டன் கணக்கான பாரத்தை நசுங்காமல் தாங்கி நடுவில் வாயு போக வழியும் விடுகிறது. மூன்றையும் ஒரே பொருள் செய்வதால்தான் மாற்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கிறது. ஹைட்ரஜன் கொண்டு தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் ஆலைகள் வரத் தொடங்கியிருக்கின்றன, பழைய இரும்பை மின் உலையில் உருக்குவது ஏற்கெனவே பெரிய தொழில். சூளையில் வெளியேறும் தார்கூட வீணாகவில்லை. 1856-ல் வில்லியம் பெர்கின் தாரிலிருந்து வந்த வேதிப்பொருளில் ஊதாச் சாயம் கண்டுபிடித்து, செயற்கைச் சாயத் தொழிலையே தொடங்கிவைத்தார்.

மதிப்பெண் கேட்பீர்கள். கோக்குக்கு ஐந்தில் நான்கு. சேமிப்புக்கு நான்கு, தீப்பிடிப்பதற்கு ஒன்று கழித்து மூன்று. நீராவிக்கும் மின்சாரத்துக்கும் எரிபொருளாக ஒன்றரை. அந்த அரை, பழைய பாசத்துக்கு. புதிதாகப் பாய்லர் போடப் போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். குறைந்த சூட்டு நீராவிதான் வேண்டும் என்றால் முதலில் வெப்பப் பம்ப்பையும் விவசாயக் கழிவுக் கட்டிகளையும் விசாரிக்கட்டும். பொது மின்சாரத்துக்காக 1882-ல் லண்டனில் நிலக்கரியை எரிக்கத் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30-ல் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது.

ஏற்கெனவே பாய்லர் வைத்திருப்பவர் அது ஓயும்வரை வாங்கித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் ஏஆர்பி நிகர மதிப்பு, மொத்த ஈரம், சாம்பல், சாம்பல் உருகும் வெப்பநிலை நான்கையும் எழுத வைக்கவும். அளவு மீறினால் எவ்வளவு பிடித்தம் என்பதையும் அங்கேயே எழுதவும். சாம்பிளை இரண்டு தரப்பும் சேர்ந்து எடுத்து, மூன்று பையாகப் பிரித்து, ஒரு பையைச் சீல் வைத்துத் தனியாக வைக்கவும். ஆர்டர் போடும் முன்பு ஷிப்ட்காரனை ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கவும்.